ஆகாய விமான எஞ்சினும் அதன் பரிசோதனை விதிகளும்

நம் திருச்சி மக்களுக்கு ஆகாய விமானம் புதிய பொருளன்று. மலைக்கோட்டை உச்சியில் நின்று பார்த்தால் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் தெரியும். விமானத்தில் வருவோர்க்கோ, காவிரியும் கொள்ளிடமும், அவற்றின் நடுவே 1987-ஆம் ஆண்டு நிறைவுபெற்ற ஸ்ரீரங்கம் இராஜகோபுரமும் கண்ணில் பட்டவுடன் ஊர் வந்துவிட்ட மகிழ்ச்சி உண்டாகிறது. நம் மாணவியர் பலருடைய தந்தையரும் அண்ணன்மாரும் துபாய், சார்ஜா, சிங்கப்பூர், கோலாலம்பூர் முதலிய ஊர்களில் உழைக்கின்றனர். ஆகையால் விமானம் பத்திரமாகப் பறப்பது நம் வீட்டுக் கவலைகளுள் ஒன்று.

2024-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள், ஆயுத பூஜையன்று மாலை, 141 பயணிகளுடன் திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் அமைப்பு பழுதுபட்டது. எரிபொருள் நிறைந்த கனத்தோடு உடனே இறங்குவது தகாது என்பதால், விமானம் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானில் வட்டமிட்டு, எரிபொருளைச் செலவழித்துக் கனத்தைக் குறைத்துக்கொண்டு, இரவு எட்டு மணியளவில் நலமாகத் தரையிறங்கியது. அந்நேரம் முழுவதும் நகரமே வானத்தை அண்ணாந்து பார்த்திருந்தது. பல வீடுகளில் செபம் நடந்தது.

அன்று பழுதுற்றது எஞ்சின் அன்று. எஞ்சின்கள் சளைக்காமல் ஓடியதால்தான் விமானம் அத்தனை நேரம் சுற்ற முடிந்தது. இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பேருந்து வழியில் நின்றால் ஓட்டுநர் இறங்கிப் பார்ப்பார். நடுவானில் எஞ்சினைத் திறந்து பார்க்க எவராலும் இயலாது. அப்படியானால் அது ஓடும் என்று எதை நம்பிச் சொல்கிறோம்? தரையில் முன்கூட்டியே செய்யப்படும் பரிசோதனையை நம்பித்தான். அப்பரிசோதனை எவ்வாறு நடைபெறுகிறது, அதற்குரிய விதிகள் எவ்வாறு பிறந்தன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எஞ்சினுக்குள் என்ன இருக்கிறது?

திருச்சியிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பல ஆண்டுகளாகப் பறந்துவரும் போயிங் 737-800 விமானங்களை எடுத்துக்கொள்வோம். அவற்றின் இரு இறக்கைகளின் கீழும் தொங்கும் எஞ்சினுக்கு சி.எஃப்.எம்.56-7பி என்று பெயர். அமெரிக்க, பிரெஞ்சு நிறுவனங்கள் இரண்டு கூட்டாகத் தயாரித்தது அது. எதிரே நின்று பார்த்தால் பெரிய மின்விசிறி போன்ற அமைப்புத் தெரியும். அதன் விட்டம் சுமார் 155 சென்டிமீட்டர். டைட்டேனியம் உலோகத்தாலான 24 இறகுகள் அதில் உண்டு.

விசிறியின் பின்னால் காற்றை அழுத்தும் பகுதி, எரிபொருள் எரியும் அறை, வெப்பக் காற்றால் சுழலும் டர்பைன் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. டர்பைன் சுழலும்போது, அதே தண்டில் பொருத்தப்பட்ட விசிறியும் சுழல்கிறது. விசிறி பின்னோக்கித் தள்ளும் காற்றே விமானத்தை முன்னோக்கிச் செலுத்துகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியை இங்கே நினைவுகூர்க.

விமானம் தரையை விட்டு எழும்போது இவ்விசிறி நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,000 முறை சுழலும். அப்போது இறகின் நுனி ஒலியைக் காட்டிலும் விரைவாகச் செல்கிறது. கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றினால் கல் கையை வெளிப்புறமாக இழுப்பதை அறிவீர்கள். அதுபோல ஒவ்வோர் இறகும், தன் எடையைப் போல் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு விசையோடு, தான் செருகப்பட்டிருக்கும் வட்டினின்று பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது அதன் அடிப்பகுதியான வேர்தான். விமானம் இறங்கி எஞ்சின் நின்றதும் இழுப்பு நீங்கிவிடும். அடுத்த பயணத்தில் மறுபடியும் இழுப்பு, மறுபடியும் ஓய்வு.

உலோகமும் களைப்படையும்

ஜெம் கிளிப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நிமிர்த்தி, ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக வளைத்து எண்ணிக்கொண்டே வாருங்கள். ஒரு முறை வளைப்பதால் அது ஒடிவதில்லை. சில முறைகளுக்குப் பின், நீங்கள் அதிக பலம் எதுவும் கொடுக்காமலே, பட்டென்று ஒடியும். இதனையே உலோகக் களைப்பு என்பர்.

வகுப்பில் நாற்பது பேரும் ஆளுக்கொரு கிளிப்பை வளைத்து, ஒடிந்த எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதிப் பார்த்தால் இன்னோர் உண்மையும் விளங்கும். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த கிளிப்புகளாயினும் எண்கள் ஒன்றாக இரா. ஆதலால், "ஒடியாமல் எத்தனை முறை வளைக்கலாம்?" என்று கேட்டால் சராசரி எண்ணைச் சொல்வது ஆபத்து. மிகக் குறைந்த எண்ணையும் விடக் குறைவான ஓர் எண்ணைச் சொல்வதே அறிவுடைமை. விமான எஞ்சின் விதிகளின் அடிப்படையும் இதுவே.

உலோகக் களைப்பை உலகம் முதலில் உணர்ந்தது ரயில்வேயில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில், நன்றாக இருப்பதாகத் தோன்றிய ரயில் அச்சுகள் திடீரென்று முறிந்தன. ஜெர்மனியின் ஆகஸ்ட் வோலர் என்னும் பொறியாளர் அச்சுகளை ஆயிரக்கணக்கான முறை சுமையேற்றி ஆராய்ந்து, சிறிய சுமையேயாயினும் திரும்பத் திரும்ப விழுந்தால் இரும்பு முறியும் என்று நிறுவினார். களைப்பு ஒரு நுண்ணிய விரிசலாகத் தொடங்கும். ஒவ்வொரு சுமைக்கும் அது மயிரிழையினும் குறைவாக நீளும். பல காலம் கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்து, ஒரு நாள் மீதமுள்ள உலோகம் தாங்காமல் முறிந்துவிடும்.

அவ்விரிசலைப் பிடிக்க அக்கால ரயில்வே பட்டறைகள் ஓர் எளிய உபாயத்தைக் கையாண்டன. அச்சை எண்ணெயில் ஊறவைத்து, நன்கு துடைத்து, அதன்மேல் சுண்ணப் பொடியைப் பூசினர். விரிசல் இருந்தால் அதனுள் புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து வெண்பூச்சின்மேல் கறுப்புக் கோடாகத் தெரியும். வீட்டில் பழைய பீங்கான் கோப்பையின் விரிசலில் தேநீர்க் கறை படிந்து கோடாகத் தெரிவதும் இதே தத்துவந்தான். 1928 முதல் பொன்மலையில் ரயில்வே பணிமனை இயங்கிவரும் நம் ஊரில் அச்சின் அருமை அறியாதார் இலர். தேரோட்டத்துக்கு முன் தேரின் சக்கரத்தையும் அச்சையும் பார்த்துச் சோதிப்பதும் நமக்குப் பழகிய வழக்கமே.

எண்ணுவது முதல் விதி

விமான எஞ்சினின் வயதை ஆண்டுக்கணக்கில் மட்டும் பார்ப்பதில்லை. ஒரு முறை ஏறி ஒரு முறை இறங்கினால் அதனை ஒரு சுற்று என்று கணக்கிடுகின்றனர். திருச்சியிலிருந்து சுமார் நான்கு மணி நேரம் பறந்து சார்ஜா போனாலும் ஒரு சுற்றே. ஒரு மணி நேரத்தில் சென்னை போனாலும் ஒரு சுற்றே. கிளிப்பை எவ்வளவு நேரம் வளைத்துப் பிடித்திருந்தோம் என்பதைவிட எத்தனை முறை வளைத்தோம் என்பது முக்கியம் அல்லவா? ஆகவே, குறுகிய தூரங்களுக்கு அடிக்கடி பறக்கும் விமானத்தின் வட்டுகளும் இறகுகளும், பறந்த மணிக்கணக்கோடு ஒப்பிட்டால், விரைவில் களைப்படைகின்றன.

இறகுகளைத் தாங்கும் வட்டு போன்ற சில பாகங்கள் உடைந்தால் அவற்றைத் தடுத்து நிறுத்த எந்தக் கவசத்தாலும் இயலாது. அத்தகைய பாகங்களுக்கு ஆயுள் வரம்பு உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி எண் பொறிக்கப்பட்டு, அது தயாரான நாள் முதல் எந்த எஞ்சினில் எத்தனை சுற்று ஓடியது என்ற கணக்கு எழுதிவைக்கப்படும். வரம்பு நெருங்கியதும், பார்வைக்குப் புதியதுபோல இருந்தாலும், அதைக் கழற்றிவிட வேண்டும். கழற்றியதை மறுபடி எவரும் பயன்படுத்தாதபடி சிதைத்துவிடுவார்கள். சுற்றுக்கணக்கு தொலைந்துபோன வட்டும் பயன்படாத வட்டே.

இவ்விதியின் நியாயத்தை நம் ஊரிலேயே கண்டிருக்கிறோம். ஸ்ரீரங்கம் தீவை வடகரையோடு இணைத்த கொள்ளிடம் பழைய இரும்புப் பாலம் 1928-ஆம் ஆண்டு கட்டப்பட்டது. புதிய பாலம் வந்ததும் 2016-இல் அதில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2018 ஆகஸ்ட் மாத வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்தபோது அதன்மேல் வண்டிகள் எவையும் இல்லை. காலத்தோடு ஓய்வு கொடுத்ததால் உயிர்கள் தப்பின.

பார்க்கும் முறைகள்

எஞ்சின் பாகங்களை உடைக்காமல் அவற்றின் குறைகளைக் கண்டறிய வேண்டும். அதற்குரிய முறைகளுள் முக்கியமானவை வருமாறு:

1. கண்ணால் பார்த்தல்: இதுவே முதன்மையானது. எஞ்சினைக் கழற்றாமலே, மருத்துவர் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பதுபோல, போரோஸ்கோப் என்னும் மெல்லிய குழாய்க் கருவியை உட்செலுத்தி டர்பைன் இறகுகளைப் பார்வையிடுகின்றனர்.

2. ஊடுருவும் திரவச் சோதனை: பழைய எண்ணெய், சுண்ணப்பொடி முறையின் வளர்ச்சி இது. ஒளிரும் திரவத்தைப் பாகத்தின்மேல் பூசி, கழுவி, உறிஞ்சும் பொடியைத் தூவி, இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் பார்க்கின்றனர். விரிசல் பச்சைநிறக் கோடாக ஒளிரும்.

3. காந்தத் துகள் சோதனை: எஃகுப் பாகத்தைக் காந்தமாக்கி இரும்புத் துகளைத் தூவினால், விரிசல் உள்ள இடத்தில் துகள்கள் குவியும். டைட்டேனியத்தில் காந்தம் ஏறாதாகையால் அதற்கு இம்முறை உதவாது.

4. மீயொலிச் சோதனை: காதுக்குக் கேளாத ஒலியலையை உலோகத்துள் செலுத்தி, அதன் எதிரொலியைக் கவனித்து உள்ளே இருக்கும் குறையை அறிவது.

5. சுழல் மின்னோட்டச் சோதனை: மின்சுருளை மேற்பரப்பின் அருகே நகர்த்த, விரிசல் உள்ள இடத்தில் மின்னோட்டம் மாறுபடும்.

6. எண்ணெய்ச் சோதனை: எஞ்சினில் ஓடும் எண்ணெயில் உலோகத் துகள் கலந்திருந்தால், எங்கோ ஒரு பேரிங் தேய்கிறது என்று பொருள். மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்ப்பதை ஒத்தது இது.

இவற்றுள் பல, நம் பெற்றோர் சிலருக்குத் தினசரி வேலை. திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் உயர் அழுத்தக் கொதிகலன்களின் வெல்டிங் இணைப்புகளை எக்ஸ்-ரேயாலும் மீயொலியாலும் சோதிக்கின்றனர். அங்குள்ள வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய சோதனைகளில் பயிற்சியும் தருகிறது.

சோதிப்பவருக்கும் சோதனை உண்டு. ஆண்டுதோறும் அவர் கண்பார்வையைப் பரிசோதிக்க வேண்டும். இருட்டறைக்குள் நுழைந்தவுடன் பார்க்கத் தொடங்கலாகாது. கண் இருளுக்குப் பழகும்வரை காத்திருக்க வேண்டும். வெளிச்சத்தில் தானாக நிறம் மாறும் மூக்குக்கண்ணாடியை அணியக்கூடாது. இவ்வளவு நுணுக்கமாக விதி வகுத்திருப்பதன் காரணத்தை அடுத்து வரும் நிகழ்ச்சி விளக்கும்.

ஒரு வட்டின் கதை

1989-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், அமெரிக்காவில் டென்வர் நகரிலிருந்து சிகாகோவுக்கு 296 பேருடன் யுனைடெட் நிறுவனத்தின் டி.சி.-10 விமானம் பறந்துகொண்டிருந்தது. 37,000 அடி உயரத்தில் அதன் வால்பகுதி எஞ்சினின் விசிறி வட்டு இரண்டாகப் பிளந்தது. சிதறிய துண்டுகள் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் அறுத்தன. விமானத்தைத் திருப்பும் கருவி எதுவும் வேலை செய்யவில்லை. விமானத் தலைவர் ஆல் ஹெய்ன்ஸும் உடனிருந்தோரும், மீதமிருந்த இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் அதனைச் சூ சிட்டி விமான நிலையம் வரை கொண்டுசேர்த்தனர். இறங்கும்போது விமானம் உடைந்து தீப்பற்றியது. 184 பேர் பிழைத்தனர். 112 பேர் இறந்தனர்.

வட்டின் துண்டுகள் மூன்று மாதம் கழித்து ஒரு சோளக்கொல்லையில் அறுவடையின்போது ஒரு பெண்மணியால் கண்டெடுக்கப்பட்டன. ஆராய்ந்ததில், டைட்டேனியத்தை உருக்கியபோதே அதில் கடினமான ஒரு சிறு மாசு புகுந்திருந்தது தெரிந்தது. அந்த இடத்திலிருந்து விரிசல் பிறந்து பதினேழு ஆண்டுகள் மெல்ல வளர்ந்திருக்கிறது. அவ்வட்டின் ஆயுள் வரம்பு 18,000 சுற்று. அது உடைந்தது 15,503-ஆம் சுற்றில்.

விபத்துக்கு 760 சுற்றுகளுக்கு முன், 1988 பிப்ரவரியில், அவ்வட்டை ஒளிரும் திரவத்தால் சோதித்திருந்தனர். அன்றே விரிசல் ஏறத்தாழ அரை அங்குல நீளம் இருந்திருக்கிறது. ஆயினும் வட்டு நன்றாக உள்ளது என்று பதிவாகி, மறுபடியும் எஞ்சினில் ஏறியது. மனிதனின் கண்ணும் கவனமும் எந்த அளவுக்கு நம்பத்தக்கவை என்பதைப் பரிசோதனை ஏற்பாடுகள் போதிய அளவு கருதவில்லை என்று விசாரணைக் குழு முடிவு கூறியது.

மாணவியரே, இங்கே சற்று நின்று சிந்திப்போம். நாள்தோறும் வட்டுகளைச் சோதிக்கும் ஒருவர் பெரும்பாலும் நல்ல வட்டுகளையே காண்கிறார். நாளடைவில், "இதிலும் ஒன்றும் இராது" என்று மனம் முன்பே தீர்மானித்துவிடுகிறது. கண் திறந்திருந்தும் பார்வை மூடிக்கொள்கிறது. தேர்வு எழுதிய விடைத்தாளை நாமே திருப்பிப் பார்க்கும்போது நம் பிழை நமக்குத் தெரியாமல் போவதும் இதனாலேயே. ஆகையால்தான் முக்கியமான வேலைகளை ஒருவர் செய்தபின் மற்றொருவர் தனியே சரிபார்க்க வேண்டும் என்ற விதி உண்டு. முன்னவர்மேல் ஐயம் கொண்டு அவ்வாறு செய்வதில்லை. மனித இயல்பை அறிந்தே செய்கின்றனர்.

இதே பாடத்தை உலகம் இன்னொரு முறையும் படிக்க வேண்டியிருந்தது. 1996 ஜூலை 6-ஆம் நாள், அமெரிக்காவின் பென்சகோலாவில், தரையை விட்டு எழ ஓடிக்கொண்டிருந்த டெல்டா நிறுவன விமானத்தின் எஞ்சின் வட்டு உடைந்து, ஒரு தாயும் அவர் மகனும் மாண்டனர். அங்கும் திரவச் சோதனையில் விரிசல் தப்பியிருந்தது.

விதி திருத்தப்படும் விதம்

நாம் முன்னே சொன்ன சி.எஃப்.எம்.56-7பி எஞ்சினுக்கு வருவோம். 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டல்லாஸுக்குப் பறந்த சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் போயிங் 737-700 விமானத்தில் இடப்புற எஞ்சினின் இறகு ஒன்று வேரோடு முறிந்தது. எஞ்சின் உறையின் துண்டு பறந்து ஒரு ஜன்னலை உடைத்தது. அதனருகில் அமர்ந்திருந்த பெண்மணி உயிரிழந்தார். விமானத்தின் தலைவி டேமி ஜோ ஷல்ட்ஸ் என்னும் பெண்மணி. முன்னர் அமெரிக்கக் கடற்படையில் போர் விமானம் ஓட்டியவர். அவரும் துணை விமானியும் ஒற்றை எஞ்சினோடு பிலடெல்பியாவில் விமானத்தை இறக்கி, மற்ற அனைவரையும் காப்பாற்றினர்.

முறிந்த இறகு 32,636 சுற்றுகள் ஓடியிருந்தது. வேர்ப்பகுதியில் களைப்பு விரிசல் காணப்பட்டது. உடனே நடந்ததைக் கவனியுங்கள். மூன்றே நாளில், ஏப்ரல் 20-ஆம் தேதி, அமெரிக்க விமானத் துறை ஓர் அவசர ஆணை பிறப்பித்தது. 30,000 சுற்றும் அதற்கு மேலும் ஓடிய எஞ்சின்களின் 24 இறகுகளையும் இருபது நாட்களுக்குள் மீயொலியால் சோதிக்க வேண்டும் என்பது அவ்வாணை. பின்பு அச்சோதனை குறைவான சுற்று ஓடிய இறகுகளுக்கும் விரிவாக்கப்பட்டது. குறிப்பிட்ட சுற்றுக்கு ஒரு முறை மறுபடி மறுபடி செய்ய வேண்டும் என்றும் விதியாயிற்று.

விமானத்தையோ எஞ்சினையோ வடிவமைத்த நாடு இத்தகைய ஆணையிட்டால், அதை மற்ற நாடுகளும் பின்பற்றுகின்றன. இந்தியாவில் இதனைக் கண்காணிப்பது டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம். ஆக, பிலடெல்பியாவில் ஓர் உயிர் போனதன் காரணமாகத் திருச்சியில் இறங்கும் விமானத்தின் இறகும் கூடுதலாகச் சோதிக்கப்படுகிறது. பரிசோதனைப் புத்தகத்தின் வரிகள் பலவற்றின் பின்னே, பெயர் அறியாத யாரோ ஒருவருடைய கல்லறை இருக்கிறது. அவ்வரியை ஒருவர் சோம்பலால் தாண்டிப் போனால், அந்த மரணம் வீணாகிறது.

கையொப்பத்தின் கனம்

நம் நாட்டில் 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்குப் பதிலாக, பாரதிய வாயுயான் அதிநியம் 2024 என்னும் புதிய சட்டம் 2025 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. விமானங்களைப் பழுதுபார்க்கும் நிலையங்கள் டி.ஜி.சி.ஏ.யின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். வேலை முடிந்தபின், உரிமம் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர், "இவ்விமானம் பறப்பதற்குத் தகுதியானது" என்று கையொப்பமிட வேண்டும். அக்கையொப்பம் இல்லாமல், எவ்வளவு பெரிய மனிதர் காத்திருந்தாலும், விமானம் புறப்படலாகாது. மாற்றிப் பொருத்தும் ஒவ்வொரு பாகமும் எங்கிருந்து வந்தது, யார் சோதித்தார் என்னும் சான்றிதழோடு வர வேண்டும். வேலைக்கு எடுத்த கருவிகளைக்கூட முடிவில் எண்ணிச் சரிபார்க்கின்றனர். ஒரு ஸ்பானர் குறைந்தாலும், அது கிடைக்கும்வரை தேடியாக வேண்டும். எஞ்சினுக்குள் மறந்துபோன ஸ்பானர் உயிர்களைப் பறிக்கும்.

சான்றிதழே பொய்யானால் என்ன ஆகும்? 2023-ஆம் ஆண்டு அப்படியும் ஒரு செய்தி வெளிவந்தது. இலண்டனிலிருந்து இயங்கிய ஒரு வணிக நிறுவனம், இதே சி.எஃப்.எம்.56 எஞ்சின்களுக்குரிய பாகங்களைப் போலிச் சான்றிதழ்களுடன் விற்றிருந்தது. உலகின் பல விமான நிறுவனங்கள் தத்தம் எஞ்சின்களைத் திறந்து அப்பாகங்களைத் தேடிக் கழற்ற நேர்ந்தது. பாகம் நல்லதாகவே இருந்திருக்கலாம். ஆனால் அதன் வரலாறு தெரியாதபோது அதை நம்ப வழியில்லை. மேசையருகே அமர்ந்து எழுதிய ஒரு பொய், பட்டறையில் நூறு பேர் செய்த நேர்மையான வேலையையும் ஐயத்துக்கு உள்ளாக்கிவிட்டது.

நாம் அறிய வேண்டியவை

பரிசோதனைக்குக் காலமும் பணமும் செலவாகும். 2023-ஆம் ஆண்டு பிராட் அண்டு விட்னி நிறுவனத்தின் ஒரு வகை எஞ்சினில், வட்டுகள் செய்யப் பயன்பட்ட உலோகத் தூளில் மாசு கலந்திருக்கலாம் என்று தெரிந்ததும், உலகெங்கும் நூற்றுக்கணக்கான விமானங்கள் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டன. இந்தியாவில் இண்டிகோ விமானங்கள் பலவும் அவற்றுள் அடங்கும். பயணிகள் முணுமுணுத்தனர். நாமும் முணுமுணுத்தவர்களே. ஸ்ரீரங்கத்தையும் சத்திரத்தையும் இணைக்கும் காவிரிப் பாலம் 2022 செப்டம்பரிலிருந்து 2023 மார்ச் வரை பழுதுபார்ப்பதற்காக மூடப்பட்டபோது, பள்ளிக்கு வர எத்தனை சுற்று, எத்தனை தாமதம்! ஆயினும் விழுந்த பாலத்துக்கு அழுவதைக் காட்டிலும் மூடிய பாலத்தைச் சுற்றி வருவது மேல். "பரிசோதனை காரணமாக விமானம் தாமதம்" என்ற அறிவிப்பைக் கேட்டால், நம் தந்தையைப் பத்திரமாகக் கொண்டுவர யாரோ ஒருவர் விழித்திருக்கிறார் என்று எண்ணிப் பொறுத்துக்கொள்வோம்.

இத்தொழில் ஆண்களுக்கே உரியது என்று நினைக்க வேண்டா. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்துத் தேறிய பெண்கள் விமானப் பராமரிப்புப் பொறியியல் பயிற்சியில் சேரலாம். டி.ஜி.சி.ஏ. தேர்வுகளில் தேறி, உரிய காலம் விமானங்களில் வேலை செய்து அனுபவம் பெற்றால் உரிமம் கிடைக்கும். அரிசியில் கல் பொறுக்கும் பொறுமையும், தையலில் ஒரு கண்ணி தவறினாலும் பிரித்துப் போடும் நேர்மையும் கொண்ட கைகள் இத்தொழிலுக்குத் தேவை. அவை நம்மிடம் உண்டு.

திருச்சபை 1920-ஆம் ஆண்டு, திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் காலத்தில், லொரேட்டோ அன்னையை விமானப் பயணிகளுக்கும் விமானிகளுக்கும் பாதுகாவலியாக அறிவித்தது. நம் அன்புக்குரியவர்கள் பறக்கும்போது அவ்வன்னையிடம் மன்றாடுவோம். அதே வேளையில், எங்கோ ஒரு பட்டறையின் இருட்டறையில், புற ஊதா விளக்கின் கீழ், ஆயிரமாவது வட்டையும் முதல் வட்டைப் போலவே திருப்பித் திருப்பிப் பார்க்கும் அந்தப் பரிசோதகருக்காகவும் ஒரு செபம் சொல்வோம். அவரை நம் கண்கள் ஒருபோதும் காணப்போவதில்லை. அவர் பார்க்கும் அந்த வட்டில்தான் நம் வீட்டார் பறக்கின்றனர்.

நாளை நாம் மருந்துச் சீட்டு எழுதுபவராகவோ, கணக்கேடு எழுதுபவராகவோ, பாலத்தையோ கொதிகலனையோ எஞ்சினையோ சோதிப்பவராகவோ ஆகலாம். எதுவாயினும், பார்க்காததைப் பார்த்ததாக எழுதமாட்டேன் என்று இப்பள்ளியிலேயே உறுதி எடுத்துக்கொள்வோம். ஆய்வக நோட்டில் செய்யாத சோதனையின் அளவீட்டைத் தோழியின் நோட்டிலிருந்து பார்த்து எழுதாமல் இருப்பது அதற்கு முதற்படியாகும்.